சிவப்பு ஓரம்

ஒரு பூச்சியைக் கொல்ல என் புருஷன் ஓஸ்வால்ட் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்வான். ஜன்னலோரத்து மேசையில் எனாமல் பேசினை வைத்து, கடல் தண்ணீருக்குள் அது பயம் தெளிந்து கொம்பை நீட்டி ஊரத் தொடங்கும் வரை, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருப்பான். பிறகு பேதி உப்புப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை போடுவான். கால் மணி கழித்து இன்னொரு சிட்டிகை. உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் அதற்கு மயக்கம் வருமாம், வலி தெரியாதாம், விரித்தது விரித்தபடி சாகுமாம். ஒரேயடியாகக் கொட்டினால் சுருண்டு கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது எந்த ஜாதி என்று எந்தப் புரொபசராலும் சொல்ல முடியாது. கடைசியில் கோழி இறகின் நுனியால் அதன் முதுகில் பூப்போல விரிந்திருக்கும் செவுளைத் தொட்டுப் பார்ப்பான். உள்ளே இழுத்துக்கொள்ளாவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் ஸ்பிரிட் ஜாடி.

என்னை அடிக்க அவனுக்கு இவ்வளவு ஆயத்தம் தேவைப்பட்டதில்லை. ஊர் முன்னால் அவர், இவர் என்றுதான் பேசுவேன். இங்கே அவன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

பூச்சி என்று நான் சொல்வது ஓடில்லாத கடல் நத்தைகளை. மண்டபம், பாம்பன் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, மல்லேஸ்வரத்துப் புரொபசர் சீனிவாசராகவன் அவற்றின் மேல் பைத்தியமாக இருந்தார். கடல் காற்று பட்டால் அவருக்கு மூச்சிரைக்கும். அதனால் வருஷா வருஷம் மார்ச் கடைசியில் கல்லூரியை மூடியதும் லாப் அட்டெண்டர் ஓஸ்வால்டை ரயிலேற்றி மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் மைசூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். ஓஸ்வால்ட் பூச்சிகளை உயிரோடு டப்பில் கொண்டுவந்து, காக்ஸ் டவுனில் எங்கள் அவுட்ஹவுஸில் வைத்து, பதமாகக் கொன்று, ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஜாடிகளில் கொடுக்க வேண்டும். அத்தோடு உயிரோடிருந்தபோது எது எந்த நிறம் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்பிரிட்டில் போட்ட பத்தாம் நாள் எல்லாப் பூச்சியும் கஞ்சி நிறத்துக்கு வந்துவிடும். உருவமும் பல்லும் பாதிதான் சொல்லும், மீதியை நிறம்தான் சொல்லும் என்பார் புரொபசர்.

வினை அங்கேதான் இருந்தது. ஓஸ்வால்டுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

எங்கள் இரண்டு குடும்பமும் குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவை. அவன் அப்பாவைப் போலச் சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்று ரயில்வேயில் ஃபயர்மேன் வேலைக்கு எழுதிப் போட்டான். டாக்டர் மேசை மேல் கம்பளி நூல் துண்டுகளைக் கொட்டி, பச்சையை எல்லாம் தனியாகப் பொறுக்கு என்றாராம். இவன் பொறுக்கியதில் பாதி சிவப்பு. மார்பளவு போதவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். எனக்குத் தெரிந்தது கல்யாணமான பதினைந்தாம் நாள். ரசல் மார்க்கெட்டிலிருந்து பழுத்த தக்காளி என்று ஒரு பை நிறையக் காயாக வாங்கி வந்தான். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அடி விழுந்து, கீழ்ப்பல் ஒன்று ஆடியது. அன்று சாயங்காலம் என் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டே ரயில்வே கதையைச் சொன்னான். யாரிடமாவது சொன்னால் கொன்றுவிடுவேன் என்பதையும் அதே மடியில் படுத்துக்கொண்டுதான் சொன்னான். பாவமாக இருந்தது எனக்கு. அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து கான்வென்ட் தையல் கூடத்தில் எம்பிராய்டரி போட்டவள். ரோஜா இதழுக்கு ஒரு நம்பர் தள்ளி நூல் கோத்தால் மதர் முழுப் பூவையும் பிரிக்க வைப்பார்கள். அதனால் பூச்சியின் நிறத்தை வாயால் சொல்லாமல், உடம்புக்கு, கொம்புக்கு, செவுளுக்கு, ஓரத்துக்கு என்று அதே நிற நூலில் ஓர் அட்டையில் வரிசையாகத் தையல் போட்டுக் கொடுத்தேன். முதல் அட்டையைப் பார்த்ததும் புரொபசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். ஆளுக்கொரு சிவப்பு, ஆளுக்கொரு நீலம் சொல்கிற உலகத்தில் நூல் ஒருநாளும் பொய் சொல்லாது என்றாராம். வீட்டுக்காரி நூல்தான் சார், நானே பார்த்துக் கட்டினேன் என்று இவன் சொல்லிவிட்டு வந்தான்.

1958இல் பெரிய வியாழன் காலை. ஈஸ்டருக்கான பீடத் துணியைக் கொடுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு கான்வென்ட் போயிருந்தேன். அவன் இரண்டு நாள் கழித்துத்தான் வர வேண்டியவன், அன்றைக்கே வந்துவிட்டான். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனிலிருந்து டப்பை ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கி வந்து, பூட்டிய கதவின் முன்னால் வெயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து பூச்சிகளில் நாலு செத்துக் கூழாகிவிட்டன. நான் கேட்டைத் திறந்து வந்தேன். சாவியை வாங்கித் திறந்தான். டப்பை நிழலில் வைத்தான். கேனில் இருந்த கடல் தண்ணீரை ஊற்றினான். மேலே ஈரத்துணியைப் போட்டு மூடினான். அப்புறம் திரும்பினான்.

உள்ளங்கையை விரித்து இடது காதில் அடித்தான். நான் கையால் காதைப் பொத்த, கையை விலக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி அடித்தான். கட்டிலின் இரும்புக் கம்பியில் தலை மோதியது. காதுக்குள் புதுத் துணி கிழிகிற சத்தம் கேட்டது. அதோடு அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. தரையில் கிடந்தவளை இடுப்பில் ஓர் உதை உதைத்தான். மூக்குக் கண்ணாடி எங்கே விழுந்தது என்று நான் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மா, ஏனு பித்து?" என்று முன் பங்களாவிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பா குரல் கொடுத்தார். என்ன விழுந்தது என்று கேட்கிறார்.

"பாத்ரெ பித்து அண்ணா" என்றேன். பாத்திரம் விழுந்துவிட்டது. நாலு வருஷமாக அவர் அதையே கேட்டார், நான் அதையே சொன்னேன். எங்கள் வீட்டில் அவ்வளவு பாத்திரம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

"வா, கலரு பாரு. இதுவும் செத்துப்பூடப் போவுது" என்றான் ஓஸ்வால்ட்.

எழுந்து போய் நூல் பெட்டியோடு உட்கார்ந்தேன். மிச்சமிருந்த ஒரே பூச்சி என் சுண்டுவிரலில் பாதி நீளம். பால் வெள்ளை உடம்பு, முதுகில் மஞ்சள் புள்ளிகள், உடம்பைச் சுற்றிலும் கிளி இறகுப் பச்சையில் ஓரம். யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். அன்று நான் பச்சை ரவிக்கை போட்டிருந்தேன். காதிலிருந்து வடிந்த ரத்தம் இடது தோளெல்லாம் நனைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் கண் அதன் மேல் போனது. போய்விட்டுத் திரும்பப் பூச்சிக்கே வந்தது. அவனுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை.

"ஓரம் இன்னா கலரு?"

"சிவப்பு" என்றேன்.

"நல்ல செவப்பா?"

"நல்ல சிவப்பு."

பீடத் துணியில் திருஇருதயத்துக்குப் போட்டு மிஞ்சிய நூலை எடுத்து அட்டையில் நாலு தையல் போட்டுக் கொடுத்தேன். அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினான். யாருக்கும் சாவு வரப்போவதில்லை, இவன் கையாலேயே ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று இருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரொபசர் எங்கள் வீடு தேடி வந்தார். நாங்கள் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை, ஆனால் கையில் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். சீமையில் இந்த நத்தைகளைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவருக்கு எழுதிக் கேட்டாராம். பச்சை ஓரம் போட்டது எழுபது வருஷத்துக்கு முன்பே பதிவாகியிருக்கிறது, சிவப்பு ஓரத்தை இதுவரை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்று பதில் வந்திருக்கிறது.

"புது ஜாதிம்மா! புதுசுக்குப் பேர் வைக்கற பாத்தியதை என்னோடது. உன் ஆத்துக்காரன் பேரைத்தான் வைக்கப் போறேன். ஓஸ்வால்டின்னு லத்தீன்ல வரும். நாம எல்லாரும் போனப்புறமும் புஸ்தகத்துல இருக்கும்" என்றார்.

ஓஸ்வால்ட் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கண் நிறைந்து வழிந்தது. சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாத அவன் அப்பாவின் பேர் கல்லறைச் சிலுவையில்கூட எழுதப்படவில்லை. நான் வாழைப்பழத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சமையல் அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் ஏழு மாதம் என் மேல் ஒரு அடி விழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புடவை எடுத்தான், கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்டுக் கேட்டு எடுத்தானாம். கேக் வாங்க பிரேசர் டவுன் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். எதிரே வருகிறவர்கள் காதில் விழுகிற மாதிரி ஜோசபின், ஜோசபின் என்று என் முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று தெரிந்து வலது பக்கம் வந்து கூப்பிட்டான். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தினம் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுவேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவன் சீட்டியடிப்பான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பிப்ரவரியில் புரொபசரின் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

1959 மார்ச்சில் மூச்சிரைப்பையும் பார்க்காமல் புரொபசரே மண்டபத்துக்குக் கிளம்பினார். சிவப்பு ஓரத்தைத் தன் கண்ணால் உயிரோடு பார்க்க வேண்டுமாம்.

"நானும் வரேனே. கலரு பாக்கணும் இல்ல?" என்றேன்.

"புரொபசரே பக்கத்துல இருக்காரு, நீ வந்து இன்னா பண்ணப் போற? அத்தோட கலருதான் எனக்குத் தெரியுமே" என்று சிரித்தான் அவன். கிளம்பும்போது என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் காலையில் கேட்டுக்கு முன்னால் ஜட்கா வந்து நின்றது. முதலில் புரொபசர் இறங்கினார். டப் அவர் மடியில் இருந்தது. ஓஸ்வால்ட் வெறுங்கையோடு பின்னால் வந்தான். டப்பை அவன் கையில் கொடுக்கவில்லை என்று பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

புரொபசர் தானே பேசினை எடுத்து ஜன்னலோரத்தில் வைத்து, தண்ணீரோடு நாலு பூச்சிகளை அதில் விட்டார். ரயிலில் தூங்காத கண்.

"நாலு கெடைச்சதும்மா. நாலும் இப்படித்தான். இவன் நாலையும் பாத்துட்டு, அதே சிவப்பு சார், அதே சிவப்புங்கறான். அத்தனை முத்துக்குளிக்கிறவாளும் பாத்துண்டு நிக்கறா. அப்புறம்தான் அட்டையெல்லாம் நீ கட்டினதுன்னு ஒத்துண்டான்." மூச்சு வாங்கினார். "நீ சொல்லு. இந்த ஓரம் என்ன நிறம்?"

ஓஸ்வால்ட் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சை சார்."

"போன வருஷம் பாத்தது?"

"அதுவும் பச்சைதான் சார்."

"தெரிஞ்சேவா சிவப்பைக் கட்டினே? ஏன்?"

நான் முக்காட்டை விலக்கி, முடியை ஒதுக்கி, இடது காதைக் காட்டினேன். "அன்னைக்குத்தான் சார் இந்தக் காது போச்சு. அட்டை கட்டறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி."

அவர் என் காதைப் பார்த்தார். ஓஸ்வால்டைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தந்தி ஆபீஸ் இப்போ திறந்திருக்குமோ? கட்டுரையை நிறுத்தச் சொல்லணும்" என்றார்.

பையிலிருந்து போன வருஷத்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரியான நூலை மாத்திக் குடுத்துடும்மா."

சிறிய கத்தரிக்கோலால் நாலு சிவப்புத் தையலையும் பிரித்தேன். பச்சையைக் கோத்து, அதே ஓட்டைகளில் நாலு தையல் போட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி, பூச்சியோடு வைத்துப் பார்த்து, திருப்தியாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க போயிட்டா இவர் என்னை அடிச்சே கொன்னுடுவார்" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"ஓஸ்வால்ட், அதெல்லாம் கூடாது, தெரியறதா?" என்றார். லாபில் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாதே என்று பையன்களிடம் சொல்கிற குரல். ஓஸ்வால்ட் தலையாட்டினான். "இந்த நாலையும் ஒழுங்கா முடிச்சு வை. வேலையைப் பத்தி ஜூன்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

ஓஸ்வால்ட் கதவைத் தாழ் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இத முடிச்சிட்டு வரேன். அது வரைக்கும் அங்கயே குந்து" என்றான். குரலில் கோபமே இல்லை.

சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்தேன். முதல் சிட்டிகை விழுந்தது. கால் மணி கழித்து இரண்டாவது. கான்வென்ட் மணி பதினொன்று அடித்தது, வலது காதில் மட்டும் கேட்டது. ஐந்து வருஷமாக அடி எப்போதும் நான் நினைப்பதற்கு முன்னால் வந்து விழுந்துவிடும், விழுந்த பிறகு வலியைப் பார்த்துக்கொள்வேன். காத்திருந்து வாங்கிப் பழக்கமில்லை. மூன்றாவது சிட்டிகை விழுந்தது. எந்த இடத்தில் தொடங்குவான், கட்டில் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இந்தத் தடவை கண்ணா, மிச்சமிருக்கிற காதா என்று மனசு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டது. அவன் தோள் சட்டைக்குள் சீராக ஏறி இறங்கியது. பேசினில் நாலு பூச்சியும் செவுளை விரித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தன. அவற்றுக்கு வலிக்கக் கூடாது என்று அவன் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. எழுந்தேன்.

"குந்துன்னேன்" என்றான், திரும்பாமல்.

மேசைக்குப் போய், பொட்டலத்தை எடுத்து, மொத்த உப்பையும் பேசினில் கவிழ்த்தேன்.

நாலு பூச்சியும் ஒரே நொடியில் சுருண்டன. கொம்பு, செவுள் எல்லாம் உள்ளே போய், ஓரம் மடிந்து முறுக்கிக்கொண்டு, நுரை நுரையாக எதையோ கக்கின. ஓஸ்வால்ட் அடிபட்டவன் மாதிரி முனகினான். முதலில் அவன் என் பக்கம் வரவில்லை. இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அவற்றை வெளியே எடுக்கப் பார்த்தான். எடுத்தவை விரல் நடுவில் கெட்டியாக உருண்டன. ஒன்றை விரித்துப் பார்த்தான், பிய்ந்து வந்தது. அதற்கப்புறம்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. ஈரக் கை வலது காதைப் பார்த்து வந்தது.

தையல் பிரித்த கத்தரிக்கோல் இன்னும் என் கையில்தான் இருந்தது. தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் குத்தினேன். உள்ளங்கை நடுவில், பிடி வரைக்கும் போனது.

கையை இழுத்து, தரையில் சிந்தக் கூடாது என்கிற பழக்கத்தில், பேசினுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டான். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஏனம்மா, ஏனு பித்து?" என்று முன்னாலிருந்து கோவிந்தப்பா கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. கத்தரிக்கோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். முன் பங்களாவின் கதவு திறக்கிற சத்தமும், செருப்பைத் தேடி மாட்டுகிற சத்தமும் வலது காதில் கேட்டன.

பேசினில் சிவப்பு மெல்ல விரிந்து, சுருண்டு கிடந்தவற்றின் பச்சை ஓரங்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஓஸ்வால்ட் குனிந்து அதைப் பார்த்தான். எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போதும்போல, நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தான்.